மளிகை ஜாபிதாவும் மன வரைபடமும்

1968-ஆம் வருஷம் டிசம்பர் 9-ஆம் தேதி. அமெரிக்காவில் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரம். ஒரு பெரிய மண்டபத்தில் சுமார் ஆயிரம் கம்ப்யூட்டர் நிபுணர்கள் கூடியிருந்தார்கள். மேடையில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற என்ஜினீயர் தாம் உண்டாக்கிய யந்திரத்தை இயக்கிக் காட்டப் போகிறார். ராக்கெட் கணக்கோ, யுத்தக் கணக்கோ வரப் போகிறது என்று எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் வந்தது என்ன தெரியுமோ? மனைவி டெலிபோன் செய்து, "வரும்போது இதெல்லாம் வாங்கி வாருங்கள்" என்று சொன்னால் எழுதிக்கொள்ளும் மளிகை ஜாபிதா!

வாழைப்பழம், சூப், காரட், பீன்ஸ், ஆஸ்பிரின் என்று கலந்தாங்கட்டியாக இருந்தது. எங்கல்பார்ட் அதை ரகம் பிரித்தார். ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு தலைப்பு. தலைப்பின் கீழ் சாமான்கள். பிறகு தலைப்புக்களை மட்டும் நிறுத்தி மற்றதை மடக்கி வைத்தார், வேண்டியபோது விரித்தார். அதோடு விட்டாரா? ஆபீஸிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியைக் கோடாக வரைந்து, நூல்நிலையம் இங்கே, மார்க்கெட் இங்கே, மருந்துக்கடை இங்கே என்று அதே விஷயத்தைப் படமாகவும் காட்டினார். ஜாபிதா படமாயிற்று, படத்தைத் தொட்டால் ஜாபிதா வந்தது. இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் கையில் பிடித்து உருட்டுகிற 'மௌஸ்' கூட அன்றுதான் முதன் முதலாக அத்தனை பேருக்கு முன்னால் மேடையேறியது.

எண்ணங்களைத் தலைப்பாகவும் கிளையாகவும் படமாகவும் அடுக்கிப் பார்க்கும் மென்பொருள்கள் இன்று எத்தனையோ வந்திருக்கின்றன. அவற்றின் வம்ச விருட்சத்தைத் தேடிக்கொண்டு போனால் ஒரு சமையலறை ஜாபிதாவில் வந்து நிற்கிறோம். எனக்கு இதில் தனிச் சந்தோஷம் உண்டு. ஏனென்று கேட்டால், நான் இந்த மென்பொருள்களைப் பரீட்சை செய்து பார்த்ததும் ஒரு சமையலறையில்தான். ஸான் பிரான்ஸிஸ்கோவில் அல்ல, சேலம் செவ்வாய்ப்பேட்டையில்.

சுவரெல்லாம் படம்

செவ்வாய்க்கிழமைச் சந்தை கூடியதால் வந்த பெயர் செவ்வாய்ப்பேட்டை. லீ பஜாரில் மூட்டை ஏற்றுகிறவர்களின் கூச்சல், மூலப்பிள்ளையார் கோயில் பக்கம் வெல்ல மண்டியின் ஏலச் சத்தம், சந்துக்குச் சந்து கொலுசுப் பட்டறைகளின் தட்டல், இவற்றுக்கு நடுவில் என் சித்தி மகளின் வீடு. ஆடி மாதம் மாரியம்மன் பண்டிகை சமயத்தில் போனால் வண்டி வேடிக்கையும் பார்க்கலாம். நான் போனது 2025 செப்டம்பரில்.

உள்ளே நுழைந்தேனோ இல்லையோ, திகைத்துப் போனேன். கூடத்துச் சுவர் நாலிலும் சார்ட் அட்டை. நடுவில் ஒரு வட்டம். அதிலிருந்து நாலு பக்கமும் சிவப்பிலும் பச்சையிலும் கிளைகள். கிளைக்குக் கிளை எழுத்து.

"என்னடி இது, வீட்டில் கண்காட்சியா?" என்றேன்.

"என் தலையெழுத்து அக்கா. அதைத்தான் கலர் கலராக எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்" என்றாள்.

அவளுக்கு வயது 47. நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. 2005-ல் வேலைக்குச் சேர்ந்தவள். ஆசிரியர் தகுதித் தேர்வு என்பது அதற்குப் பின்னால் வந்தது. தமிழ்நாட்டில் முதன் முதலாக நடந்தது 2012-ல். ஆகவே, 'அது நமக்கில்லை' என்று இருபது வருஷம் நிம்மதியாகப் பாடம் நடத்தினாள். 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஓய்வு பெற ஐந்து வருஷத்துக்கு மேல் பாக்கியுள்ள ஆசிரியர்கள், முன்பே வேலையில் இருப்பவர்களானாலும், இரண்டு வருஷத்துக்குள் அந்தத் தேர்வில் தேற வேண்டும். இல்லாவிட்டால் வேலையில் நீடிக்க முடியாது என்று. அவளுக்கு ஓய்வு பெற இன்னும் பதின்மூன்று வருஷம் இருக்கிறது.

வீட்டுக்காரருக்குக் கொலுசுப் பட்டறை. வெள்ளி விலை ஏறின ஏற்றத்தில் பட்டறை பாதி நாள் மூடிக் கிடக்கிறது. வீடு கட்டிய கடன் அவள் சம்பளத்தில்தான் அடைகிறது. மகன் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறான். மாமியாருக்கு 76 வயது. சுவரில் இருந்த படங்கள் எதற்காக என்று இப்போது தெரிகிறதல்லவா?

"விண்ணப்பம் போட நாலே நாள்தான் இருந்தது. போட்டுவிட்டேன். நவம்பரில் பரீட்சை. நூற்றைம்பது கேள்வி. மனோதத்துவம் முப்பது, தமிழ் முப்பது, இங்கிலீஷ் முப்பது, சமூக அறிவியல் அறுபது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுத்த வித்தையை இப்போது எனக்கே சொல்லிக் கொடுத்துக்கொள்கிறேன்" என்று சுவரைக் காட்டினாள்.

அவள் சொன்ன வித்தைக்குப் பெயர் மன வரைபடம். சிலருக்கு ஞாபகம் இருக்கும். 2007-08 கல்வியாண்டில் தமிழ்நாட்டு நடுநிலை வகுப்புகளில் 'படைப்பாற்றல் கல்வி' என்று ஒரு முறை வந்தது. ஆசிரியர் சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதுவது என்பதை மாற்றி, பிள்ளையே பாடத்தைப் படித்து, முக்கியமான சொல்லை அடிக்கோடிட்டு, அதை மன வரைபடமாக வரைந்து, பிறகு நாலைந்து பேராகக் கூடி ஒரு பெரிய வரைபடமாக்கி, தொகுத்து, எல்லோருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும். மனப்பாடத்தையே கும்பிட்டு வந்த நம் பள்ளிகளில் இது ஒரு சின்னப் புரட்சி என்றே சொல்வேன். பாதி ஆசிரியர்கள் உற்சாகமாகச் செய்தார்கள். பாதிப்பேர் அதிகாரி வருகிற தினத்தன்று மட்டும் செய்தார்கள். இவள் முதல் ரகம்.

"அப்போது சாக்பீஸ். இப்போது ஸ்கெட்ச் பேனா. அவ்வளவுதான் வித்தியாசம்."

"அம்மா, இதற்கெல்லாம் மென்பொருள் இருக்கிறது. ஒரு கிளை மாற்ற வேண்டுமென்றால் நீ முழு அட்டையையும் மறுபடி வரைகிறாய்" என்றான் மகன்.

அங்கே ஆரம்பித்தது எங்கள் ஆராய்ச்சி. தீபாவளி விடுமுறைக்கு நான் மறுபடி போனபோது, அரசு அவனுக்கு மேல்நிலைப் பள்ளியில் கொடுத்த பழைய மடிக்கணினியை அடுப்பங்கரை மேடையில் வைத்துக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஒரு பக்கம் அதிரசத்துக்குப் பாகு கொதித்துக்கொண்டிருந்தது.

மூன்று ஜாதி

மென்பொருளின் பெயர்களைச் சொல்லிக் குழப்புவதற்கு முன், இவற்றில் மூன்று ஜாதி உண்டு என்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதல் ஜாதி, படிக்கட்டு ஜாபிதா. தலைப்பு, அதற்கு உள்ளே தள்ளி உபதலைப்பு, அதற்கும் உள்ளே விவரம். மடக்கலாம், விரிக்கலாம், ஒன்றைத் தூக்கி இன்னொன்றின் கீழ் போடலாம். படம் கிடையாது. 1983-ல் டேவ் வைனர் என்பவர் 'திங்க்டாங்க்' என்று இதைக் கடைக்குக் கொண்டுவந்தார். 1986-ல் அவர் கொண்டுவந்த 'மோர்' என்ற மென்பொருள் ஜாபிதாவைக் கிளைப் படமாகவும் மாற்றிக் காட்டியது.

இரண்டாவது, மன வரைபடம். நடுவில் ஒரு விஷயம், சுற்றிலும் கிளைகள். இதைப் பிரபலப்படுத்தியவர் டோனி பூஸான் என்ற ஆங்கிலேயர், 1974-ல் பி.பி.ஸி. டெலிவிஷனில் தொடராகவும் புத்தகமாகவும் வந்தது. நம் வகுப்பறைக்கு வந்தது இதன் வாரிசுதான்.

மூன்றாவது, கருத்து வரைபடம். இதில் நடுநாயகம் கிடையாது. எத்தனை பெட்டி வேண்டுமானாலும் இருக்கலாம். எதிலிருந்து எதற்கும் கோடு இழுக்கலாம். ஆனால் ஒரு கண்டிப்பு. கோட்டின் மேல் ஒரு வார்த்தை எழுதியாக வேண்டும். 1972-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக் கழகத்தில் ஜோஸப் நோவாக் என்ற பேராசிரியரும் அவர் சகாக்களும், குழந்தைகள் விஞ்ஞானத்தைப் புரிந்துகொள்கிற விதத்தை ஆராயும்போது உண்டாக்கியது இது. அவருக்கு ஆதாரம், டேவிட் ஆசுபெல் என்ற மனோதத்துவ நிபுணரின் கொள்கை: புதிதாகக் கற்பது ஏற்கெனவே தெரிந்ததோடு முடிச்சுப் போட்டுக்கொண்டால்தான் நிலைக்கும் என்பது.

"ஆசுபெல்லா! அந்த ஆள் என் புத்தகத்தில் இருக்கிறாரே!" என்று துள்ளி எழுந்தாள் என் தங்கை. அன்றைக்கு ஒரு கேள்விக்கு விடை செலவில்லாமல் மனத்தில் ஏறிற்று.

ஒரே சேலம், பல சட்டை

எல்லா மென்பொருளுக்கும் ஒரே பரீட்சை வைத்தோம். 'சேலம் மாவட்டம்' என்று நடுவில் போட்டு, அவளுக்குத் தெரிந்ததையெல்லாம் கிளையாக்குவது. மேட்டூர் அணை, 1934. தருமபுரி பிரிந்தது 1965. நாமக்கல் பிரிந்தது 1997. ஏற்காடு, மாம்பழம், கொலுசு, ஜவ்வரிசி, கஞ்சமலை, உருக்காலை.

முதலில் 'ஃப்ரீபிளேன்'. 'ஃப்ரீமைண்ட்' என்ற பழைய மென்பொருளிலிருந்து பிரிந்து 2010-ல் வெளிவந்தது. காசு கிடையாது, இன்டர்நெட் வேண்டாம், பழைய யந்திரத்திலும் நகர்கிறது. அழகு என்று பார்த்தால், கதர்ச் சட்டை மாதிரிதான். ஆனால் வேலைக்காரி! ஒரு விசையைத் தட்டினால் உள்கிளை, இன்னொன்றைத் தட்டினால் பக்கத்துக் கிளை, இடம்விடும் விசையைத் தட்டினால் கிளை முழுதும் மடங்கிக்கொள்ளும். மௌஸைத் தொடவே வேண்டாம். இன்னொரு சாமர்த்தியமும் கண்டோம். ஒரு கிளையை எடுத்துச் சாதாரண எழுத்துக் கோப்பில் ஒட்டினால் அது படிக்கட்டு ஜாபிதாவாக இறங்குகிறது. ஜாபிதாவைத் திரும்ப இங்கே ஒட்டினால் கிளையாக ஏறுகிறது. எங்கல்பார்ட் செய்த அதே வேடிக்கை.

அடுத்தது 'எக்ஸ்மைண்ட்'. பட்டுப்புடவை. கிளைகள் வளைந்து நெளிந்து, வர்ணம் தானாகவே பொருந்தி, பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. ஜாபிதாவாகவும் திருப்பிப் பார்க்கலாம். ஒன்று கவனித்தேன். சேலத்தைப் பற்றி எழுதுவதை விட்டுவிட்டு, மேட்டூர் அணைக்கு ஊதா நல்லதா, நீலம் நல்லதா என்று தாயும் மகனும் இருபது நிமிஷம் சர்ச்சை செய்தார்கள். பாகு பதம் தப்பியது அப்போதுதான்.

இரண்டிலும் ஒரே இடத்தில் இடித்தது. மேட்டூர் அணையை எங்கே வைப்பது? 'நீர்' என்ற கிளையிலா, 'மின்சாரம்' என்ற கிளையிலா, 'சரித்திரம்' என்ற கிளையிலா? மரத்தில் ஒரு இலைக்கு ஒரே காம்புதான். குறுக்கே அம்பு போட்டு இணைக்க வழி இருக்கிறது. நாலு அம்பு போட்டால் படம் நூல்கண்டாகிவிடுகிறது.

ஆகவே 'சி-மேப் டூல்ஸ்' என்பதைத் திறந்தோம். நோவாக்கின் முறைக்காகவே ஃப்ளோரிடாவில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தயாரித்தது, இதுவும் இலவசம். கஞ்சமலையிலிருந்து உருக்காலைக்குக் கோடு இழுத்தாள். கோட்டின் நடுவில் நாலு கேள்விக்குறி வந்து நின்றது. என்ன சம்பந்தம் என்று எழுது என்கிறது!

"கஞ்சமலையில் இரும்புத் தாது இருக்கிறது. அதனால் ஆலை வந்தது. இதில் என்ன கேள்வி?" என்றாள். எழுதப் போனவள் கையை எடுத்துவிட்டாள். புத்தகத்தைப் புரட்டினாள். கஞ்சமலைத் தாதை நம்பி ஊரார் கண்ட கனவு வேறு. 1980-களின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தது எவர்சில்வர்த் தகடு உருட்டுகிற ஆலை. நம் ஊர்த் தாதை உருக்கி அல்ல அந்தத் தகடு வந்தது. இருபது வருஷமாக வகுப்பில் அந்தக் கோட்டை அவள் சாக்பீஸால் இழுத்திருக்கிறாள். கோடு இருந்தது; சம்பந்தம் இல்லை.

"வெறும் கோடு போட்டால் தெரிந்த மாதிரி இருக்கிறது, அக்கா. வார்த்தை எழுதச் சொன்னால்தான் குட்டு வெளிப்படுகிறது" என்றாள்.

இந்த ஒரு காரணத்துக்காகவே சி-மேப்பை நான் மெச்சுகிறேன். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும்: ஒவ்வொரு பெட்டியையும் மௌஸால் இழுத்து இழுத்து வைக்க வேண்டியிருக்கிறது. ஆறு பாடத்துக்கு அப்படி வரைந்தால் கை கழன்றுவிடும். சிக்கலான ஒரு விஷயத்துக்கு வைத்துக்கொள்ளலாம். தினசரிச் சமையலுக்கு ஆகாது.

நிற்க. தமிழ் எழுத்து விஷயத்தை ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். யூனிகோடில் தட்டிய தமிழ் மேலே சொன்ன மூன்றிலும் சரியாகவே வந்தது. அவளிடம் பள்ளிக்கூடத்துப் பழைய குறிப்புகள் ஏராளமாக இருந்தன. அவை யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் தட்டியவை. ஒட்டினால் ஆங்கில எழுத்துக் கஞ்சியாக வந்தது. மாற்றித் தரும் செயலிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும். 1999-ல் அரசு தரப்படுத்திய 'தமிழ் 99' விசைப் பலகையை மகன் அவளுக்குப் பத்து நாளில் பழக்கிவிட்டான். இன்னொரு செயலியில் அச்சுக்கு அனுப்பியபோது கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்து வந்தது. ஐம்பது படம் வரைவதற்கு முன் ஒரு படத்தை அச்சடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இணையதளத்திலேயே வரைகிற ரகமும் உண்டு. அதில் ஒன்றில் அவள் பதினாலு படம் வரைந்திருந்தாள். பெயர் சொல்ல மாட்டேன். ஒரு மாதம் இலவசம் என்றார்கள். மாதம் முடிந்ததும் மூன்று படத்துக்கு மேல் திறக்கக் காசு என்றார்கள். வெளியே எடுத்துக்கொண்டு போகவும் வழி வைக்கவில்லை. பதினோரு படம் போயிற்று. வாடகை வீட்டில் கிணறு வெட்டின கதைதான். அதற்குப் பிறகு எங்கள் முதல் கேள்வியே மாறிவிட்டது. 'உள்ளே என்னென்ன செய்யலாம்?' என்று கேட்பதை விட்டு, 'எழுதியதை வெளியே எடுக்க முடியுமா?' என்று கேட்க ஆரம்பித்தோம். ஃப்ரீபிளேனின் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. பிற மன வரைபட மென்பொருள்கள் சிலவும் அதைத் திறக்கின்றன.

"எதற்கம்மா இத்தனை பாடு? பாடத்தைக் கொடுத்தால் யந்திரமே படம் போட்டுத் தருகிறது" என்றான் மகன். உண்மைதான். கூகிளின் 'நோட்புக் எல்எம்' 2025 மார்ச்சிலிருந்து அந்த வேலையையும் செய்கிறது. பாடத்தைக் கொடுத்துவிட்டுக் காப்பி குடித்துத் திரும்புவதற்குள் கிளை கிளையாகப் படம். அவளும் ஒரு வாரம் அப்படிப் படித்தாள். ஐம்பது படம் சேர்ந்தது.

மாமியார் எட்டிப் பார்த்தார். "என்ன கண்ணு இது, புள்ளி வைக்காத கோலமாட்டம்? யாரு போட்டது?"

"மெஷின் போட்டது அத்தை."

"அப்போ பரீட்சையும் அதுவே எழுதிருமா?"

அறுபத்தெட்டு

நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை பரீட்சை எழுதினாள். விடைக் குறிப்பு வெளிவந்ததும் தானே கூட்டிப் பார்த்தாள். 68. ஒரு தடவைக்கு மூன்று தடவை கூட்டினாள். அதே 68.

போனில் அவள் அழவில்லை. "அக்கா, படம் எல்லாம் அப்படியே கண்முன் நிற்கிறது. எந்தக் கிளை எந்தக் கலர் என்று சொல்லட்டுமா? கிளையில் என்ன எழுதியிருந்தது என்பது மட்டும் வரவில்லை" என்றாள். அதைக் கேட்க எனக்குத்தான் அழுகை வந்தது.

இவள் கெட்டிக்காரி, உழைப்பாளி. பின்னே எங்கே தவறு? நான் தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக் கழகத்தில் ஜெஃப்ரி கார்பிக், ஜானெல் ப்ளண்ட் என்ற இருவர் நடத்திய ஆராய்ச்சி ஒன்று 2011-ல் 'ஸயன்ஸ்' என்ற சஞ்சிகையில் வெளிவந்தது. மாணவர்களுக்கு ஒரு விஞ்ஞானப் பாடம். ஒரு கூட்டம், பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கருத்து வரைபடம் வரைந்தது. இன்னொரு கூட்டம், படித்துவிட்டு மூடி வைத்து, ஞாபகம் இருந்ததை எழுதியது. மறுபடி படித்து, மறுபடி மூடி எழுதியது. ஒரு வாரம் கழித்துப் பரீட்சை. மூடி வைத்து எழுதினவர்கள் சுமார் ஒன்றரை மடங்கு நன்றாகச் செய்தார்கள். பரீட்சையையே வரைபடமாக வரையச் சொன்னபோதும் ஜெயித்தது அவர்கள்தான். வேடிக்கை என்னவென்றால், எந்த முறையில் அதிகம் நிற்கும் என்று முன்கூட்டியே கேட்டதற்கு மாணவர்கள் தலைகீழாகச் சொல்லியிருந்தார்கள்.

அப்படியானால் வரைபடம் வீணா என்று கேட்பீர்கள். அதே இருவர் 2014-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், புத்தகத்தை மூடிவிட்டு ஞாபகத்திலிருந்து வரைபடம் வரையச் சொன்னார்கள். ஞாபகத்திலிருந்து பத்தி பத்தியாக எழுதினவர்களைப் போலவே அவர்களும் நன்றாகச் செய்தார்கள். ஆகக் குற்றம் படத்தின் மேல் அல்ல. திறந்த புத்தகத்தின் மேல். பார்த்து வரைகிறபோது கை வேலை செய்கிறது. மூளை கூடவே ஊஞ்சல் ஆடுகிறது.

இதை நான் போனில் படித்துச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"படைப்பாற்றல் கல்வியில் பிள்ளைகள் படம் வரைந்த பிறகு, எழுந்து நின்று எல்லோருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும், அக்கா. நேரம் போதவில்லை என்று நான் அந்தப் பகுதியைத்தான் வெட்டிவிடுவேன்" என்றாள்.

பொங்கலுக்கு முந்திய வாரம்

2026 ஜனவரியில் மறுபடி போனேன். பொங்கல் சமயம். வெல்ல மண்டிக்கு ஓமலூர், காடையாம்பட்டிப் பக்கத்திலிருந்து சிப்பம் சிப்பமாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் சுவர்கள் வெள்ளையாக இருந்தன. ஒரு அட்டை கூட இல்லை.

மேடையில் அதே பழைய மடிக்கணினி, திரையில் ஃப்ரீபிளேன். வர்ணம் கிடையாது; கறுப்பு எழுத்து. 'பியாஜே' என்று ஒரு வார்த்தை. அதிலிருந்து நாலு கிளை. எல்லாம் மடங்கிக் கிடந்தன. மாமியார் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மருமகள் அடுப்புக்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு.

ஏற்பாடு இதுதான். இரவில் அவள் பாடத்தைப் படிப்பாள், புத்தகத்தை மூடுவாள், ஞாபகம் இருக்கிற மட்டும் ஃப்ரீபிளேனில் கிளை கிளையாகத் தட்டுவாள். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதைச் சேர்ப்பாள். விட்ட இடத்தில் ஒரு நட்சத்திரம். காலையில் சமைக்கும்போது மாமியார் தலைப்பைப் படிப்பார். இவள் உள்ளே இருப்பதைச் சொல்வாள். மாமியார் இடம்விடும் விசையைத் தட்டி விரித்துச் சரி பார்ப்பார். அந்த மென்பொருளில் உள்ள நூறு சௌகரியங்களில் இவர்களுக்கு வேண்டியது அந்த ஒரு விசைதான்.

"உங்களுக்கு இது கஷ்டமாக இல்லையா?" என்று கேட்டேன்.

"என்ன கஷ்டம்? எங்க வீட்டுக்காரர் மண்டியிலே கணக்குப்பிள்ளையா இருந்தவரு. நாள்வழியிலே வந்த வரிசைக்கு எழுதுவாரு. ராத்திரி உட்கார்ந்து அதைப் பேரேட்டுல ஆளுக்கொரு பக்கமா ஏத்துவாரு. ஏத்தினாத்தான் யாரு பாக்கி வெச்சிருக்கான்னு தெரியும். இவ புத்தகம் நாள்வழி, இது பேரேடு. நட்சத்திரம் போட்டதெல்லாம் பாக்கி" என்றார். டேவ் வைனர் கேட்டிருந்தால் எழுதி வைத்துக்கொண்டிருப்பார்.

சி-மேப்பை அவள் அடியோடு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும், குழப்பமான விஷயம் ஒன்றை எடுத்து, கோட்டுக்குக் கோடு வார்த்தை எழுதிப் பார்க்கிறாள். எக்ஸ்மைண்ட் மகனிடம் இருக்கிறது. நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது காட்ட ஏதோ தயாரிக்கிறான். நான் என் பங்குக்கு, தங்கை நாத்தனார் மகளின் கல்யாணத்துக்காகச் சாமான் ஜாபிதா, அழைப்பு ஜாபிதா, சீர் ஜாபிதா மூன்றையும் ஃப்ரீபிளேனில் ஏற்றினேன். மண்டபக்காரர் வந்தால் மண்டபக் கிளையை மட்டும் விரித்துக் காட்டலாம். சம்பந்தி வீட்டார் வந்தால் சீர்க் கிளையை மடக்கிவிடலாம். இந்த ஒரு சௌகரியத்துக்கே காசு கொடுக்கலாம், கேட்கவில்லை.

கைபேசியில் இவற்றைச் செய்யலாமா என்று கேட்டு எழுதுவீர்கள். பார்க்கலாம், வரையாதீர்கள். நாலு கிளை வந்ததும் விரலால் நகர்த்தி நகர்த்தி எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துவிடும். கைபேசிக்குப் படிக்கட்டு ஜாபிதா போதும். கணினியே இல்லாவிட்டால்? ஒரு நோட்டும் பென்சிலும், புத்தகத்தை மூடுகிற தைரியமும் இருந்தால் பாதிக்கு மேல் வந்துவிட்டது. அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் வாங்குகிற காசுக்கு நாலு ரப்பர் வாங்குங்கள்.

நான் கிளம்புகிற அன்று காலை. குக்கர் சத்தம்; மண்டி லாரியின் சத்தம்; மாமியார் அவற்றுக்கும் மேலே குரலை உயர்த்திப் படித்தார்: "ஆசுபெல்!"

கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் மளமளவென்று சொன்னாள். மாமியார் விசையைத் தட்டினார். விரிந்த கிளையில் விரலை வைத்து ஒவ்வொன்றாக இறங்கினார்.

"அஞ்சிலே நாலு. ஒண்ணு பாக்கி, கண்ணு."

"எது அத்தை?"

"சொல்ல மாட்டேன். யோசி" என்று கிளையை மடக்கிவிட்டார்.